புகாரைப் பொதுவில் எழுதும் முன்

வங்கியிலோ ரயில்வேயிலோ சிக்கல் என்றால், இப்போது பலரும் நேரே எக்ஸ் தளத்தில் எழுதிவிடுகிறோம். ஊரே பார்ப்பதால் பதிலும் சீக்கிரம் வருகிறது. அந்தப் பதில் யாரிடமிருந்து வருகிறது என்பதில்தான் வம்பு.

நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் போட்டுக்கொண்டு மோசடிக்காரர்கள் காத்திருப்பார்கள். கணக்கின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் நீலக் குறியை நம்பாதீர்கள். 2023 முதல் அது காசு கொடுத்தாலே கிடைக்கிறது. நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து அதன் கணக்குக்குச் செல்லுங்கள். பதிவில் பிஎன்ஆர், கைப்பேசி எண், கணக்கு எண் எதுவும் வேண்டாம். “இந்தச் செயலியை நிறுவுங்கள்” என்றால் அங்கேயே பேச்சை முறித்துவிடுங்கள்.

பணம் போய்விட்டதா? வெட்கப்பட்டு நேரத்தைக் கடத்தாமல் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930-ஐ அழையுங்கள். நுகர்வோர் புகாருக்கு 1915, ரயில் புகாருக்கு 139.