வாசல் கதவு இடுக்கை அடைக்கும்போது வடசென்னையில் நடக்கும் தவறுகள்

நம்மூரில் கதவு இடுக்கை யாரும் குளிருக்குப் பயந்து அடைப்பதில்லை. எண்ணூர், மணலிப் பக்கம் தூசி, காசிமேடு, ராயபுரத்தில் உப்புக்காற்று, எல்லா இடத்திலும் கொசு. ஏசி போட்டிருந்தால் கரண்ட் பில் வேறு. அதனால் நேரே ஹார்டுவேர் கடைக்குப் போய் ஃபோம் டேப் வாங்கி ஒட்டிவிடுகிறார்கள். முதல் தவறே அதுதான்.

முதலில் கீலைப் பாருங்கள். மேல் கீலின் திருகு தளர்ந்தால் கதவு தொங்கிவிடும். கீல் பக்கம் மேலே இடைவெளி விரியும், தாழ்ப்பாள் பக்கக் கீழ்மூலை தரையில் உரசும். இதை எந்த டேப்பாலும் சரிசெய்ய முடியாது. திருகைக் கழற்றி, ஓட்டையில் பசை தோய்த்த தீக்குச்சிகளை இறுக்கமாகத் திணித்து, ஒரு நாள் காயவிட்டு, பழையதைவிட நீளமான திருகு போடுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு நல்லது. சாதா இரும்புத் திருகு கடல்காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் கதவு இறுகுகிறது என்று ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்வது இன்னொரு தவறு. மழை ஈரத்தில் மரம் ஊதியிருக்கும். அப்போது இழைத்தால் சித்திரை வெயிலில் சுருங்கி விரல்கடை சந்து விடும். மழைக்காலம் முடிந்து மரம் காயும்வரை பொறுங்கள்.

காற்று எங்கே நுழைகிறது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, கதவின் விளிம்பு நெடுக ஊதுபத்தியை நகர்த்துங்கள். புகை கலைகிற இடம்தான் ஓட்டை. சுவருக்கும் நிலைக்கும் நடுவில் இருந்தால் சிமெண்ட் பூசாதீர்கள். மரம் ஊதிச் சுருங்கும்போது அந்த இடுக்கு மறுபடி விரியும். அங்கே வளைந்து கொடுக்கும் சீலன்ட்தான் நிற்கும்.

டேப்பில் தடிமன் முக்கியம். 4 மி.மீ. இடைவெளிக்கு 6 மி.மீ. பட்டை சரி. 10 மி.மீ. ஒட்டினால் தாழ்ப்பாள் விழாது, கதவைத் தள்ளித் தள்ளிக் கீல் போய்விடும். ஒட்டியபின் ஒரு தாளை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். லேசாகப் பிடித்துக்கொண்டு வந்தால் அளவு சரி. ஸ்பஞ்சு மாதிரியான ஃபோம் மழைநீரை உறிஞ்சும், வெயிலில் உதிரும். வாசல் கதவுக்கு இ.பி.டி.எம். என்ற, வெயில் மழை தாங்கும் செயற்கை ரப்பர் பட்டை கேட்டு வாங்குங்கள். ஒட்டுமுன் நிலையைச் சோப்புநீரில் துடைத்து, காயவிட்டு, ஸ்பிரிட்டால் ஒருமுறை துடைக்க வேண்டும். உப்புப் படலத்தின் மேல் எந்தப் பசையும் நிற்காது. தூறல் நாளில் இந்த வேலையே வேண்டாம்.

கதவின் அடிப்பக்கத்தில் பழைய புடவையைச் சுருட்டி வைப்பார்கள். அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஃபிளஷ் கதவின் அடி ப்ளை உரியும், கரையானும் வரும். அலுமினியச் சட்டத்தில் ரப்பரோ பிரஷோ உள்ள அடிப்பட்டையைத் திருகிவிடுங்கள். பழைய மொசைக் தரை மேடுபள்ளமாக இருந்தால் பிரஷ்தான் ஒத்துவரும். கதவு அகலத்தைவிட 3 மி.மீ. குறைத்து வெட்டுங்கள், இல்லையென்றால் நிலையில் இடிக்கும். தரையை மெல்லத் தொட்டால் போதும். தெருத் தண்ணீர் ஏறுகிற வீட்டுக்கு இந்தப் பட்டை ஒன்றும் செய்யாது, படியைத்தான் உயர்த்த வேண்டும்.

ஒரே அறையில் சமைத்து அங்கேயே படுக்கிற வீடுகளில் எல்லா இடுக்கையும் அடைத்துவிடக் கூடாது. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். அது வெளியேற இருக்கும் வழி பல வீடுகளில் கதவின் அடி இடுக்கு மட்டும்தான். சிலிண்டர் இருக்கும் அறையில் தரைமட்டத்தில் வெளிப்பக்கம் திறக்கிற ஜாலி இருந்தாலொழிய அடிப்பட்டை வேண்டாம். கேஸ் கீசர் உள்ள குளியலறைக்கும் வேண்டாம். கொசுவர்த்தி கொளுத்துகிற அறையில் ஒரு ஜன்னலாவது வலை அடித்துத் திறந்திருக்கட்டும்.