பழைய பிளாட்ஃபார்ம் கேம்: எந்தப் பதிப்பை விளையாடுவது?

ஒரே பிளாட்ஃபார்ம் கேம் (தாவிக் குதித்து முன்னேறும் விளையாட்டு) நாலைந்து கன்சோலுக்கு வந்திருக்கும், மறுவெளியீடுகள் வேறு. ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துத் தேர்வு செய்யாதீர்கள். பட்டனை அழுத்தியதும் உருவம் எழும்புகிறதா, நினைத்த இடத்தில் இறங்குகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். படமும் இசையும் அதற்குப் பிறகு.

வேகத்தில் தொடங்குவோம். 1980, 90களில் ஐரோப்பாவுக்கான பிஏஎல் (அங்கிருந்த டிவி முறை) பதிப்புகள் 50 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 50 முறை திரை புதுப்பிக்கும் வேகத்தில் ஓடின, ஜப்பான், அமெரிக்கப் பதிப்புகள் 60இல். பல நிறுவனங்கள் கேமைத் திருத்தாமல் அப்படியே விற்றதால் அவை சுமார் 17 சதவீதம் மெதுவாக நகரும். முதல் சோனிக்கின் (1991) பிஏஎல் பதிப்பில் இசைகூட இழுக்கும். இது பழைய கதை என்று விட்டுவிட முடியாது: 2018இல் வந்த பிளேஸ்டேஷன் கிளாசிக் என்ற குட்டிக் கன்சோலின் 20 கேம்களில் 9 பிஏஎல் பதிப்புகள்தான். ஆகவே எமுலேட்டரில் (பழைய கன்சோலைப் போல நடிக்கும் மென்பொருள்) ஆடினாலும் கோப்புப் பெயரில் 'யூரோப்' என்றிருந்தால் அமெரிக்கப் பதிப்பைத் தேடுங்கள். விதிவிலக்கு, ஐரோப்பியர்களே 50 ஹெர்ட்ஸுக்கு எழுதியவை. ஜெர்மனியில் உருவான டர்ரிகன் கேமின் அமிகா கணினிப் பதிப்புக்கு 50தான் சரியான வேகம்.

அடுத்து, திரையில் எவ்வளவு தெரிகிறது? சூப்பர் நின்டெண்டோவின் படம் 256×224 பிக்சல். கையடக்கமான கேம்பாய் கலரில் 160×144 மட்டுமே. சூப்பர் மரியோ பிரதர்ஸ் டீலக்ஸ் (1999) பழைய உருவங்களை அதே அளவில் இந்தச் சின்னத் திரைக்குள் வைத்தது. சேவ் வசதி உண்டு, கூடுதல் சவால்களும் உண்டு. ஆனால் எதிரே வருவது தாமதமாகத்தான் கண்ணில் படும். டாங்கி காங் கன்ட்ரியின் கேம்பாய் அட்வான்ஸ் பதிப்பில் (2003) வேறு சிக்கல்: அந்தக் கையடக்கத்தின் மங்கலான திரைக்காக நிறங்களை வெளுக்க வைத்தார்கள். நல்ல திரையில் அது சோகையாகத் தெரியும். இரண்டுக்கும் மூலப் பதிப்பே மேல்.

ஜப்பான் பதிப்பென்றால் கடினமாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். கான்ட்ரா ஹார்டு கோர் (1994) ஜப்பானில் ஒரு உயிருக்கு மூன்று அடி தாங்கும். அமெரிக்காவில் ஒரே அடியில் சாவு. கேசில்வேனியா 3இன் ஜப்பான் கார்ட்ரிட்ஜில் விஆர்சி6 என்ற கூடுதல் சிப் இருப்பதால் இசைக்குக் கூடுதல் சேனல்கள் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் குரல்கள்) கிடைக்கின்றன, எதிரிகளின் தாக்குதலும் இதமானது. நின்ஜா கைடன் 3 அமெரிக்காவுக்குப் போனபோது கன்டினியூவுக்கு (உயிர்கள் தீர்ந்தபின் தொடரும் வாய்ப்பு) வரம்பு வைத்தார்கள், அடியின் வலிமையையும் கூட்டினார்கள். மூன்றிலும் ஜப்பான் பதிப்பை எடுங்கள். அலாதீன் (1993) தனி ரகம்: சேகாவின் மெகா டிரைவ் கன்சோலில் வாள் வீசுகிறான், சூப்பர் நின்டெண்டோவில் எதிரியின் தலையில் குதிக்கிறான். இவை இரு நிறுவனங்கள் செய்த இரு வேறு கேம்கள், இரண்டையும் ஆடலாம்.

மறுவெளியீடுகளில்தான் ஏமாற்றம் அதிகம். சூப்பர் மரியோ ஆல்-ஸ்டார்ஸில் (1993) செங்கலை முட்டி உடைத்தால் மரியோ கீழே திரும்பாமல் மேலேயே போவார். பழகிய கைக்கு இது இடறும். மெகா மேன் ஆனிவர்சரி கலெக்‌ஷனின் கேம்கியூப் பதிப்பில் குதிக்கும் பட்டனும் சுடும் பட்டனும் இடம் மாறிக் கிடக்கின்றன. க்ராஷ் என். சேன் டிரிலஜியில் (2017) தரையில் நிற்பதைக் கணக்கிடும் கண்ணுக்குத் தெரியாத மோதல் வடிவம் காலடியில் உருண்டையானதால், விளிம்பில் இறங்கினால் வழுக்குகிறது. நம்பி எடுக்கத்தக்கவை சோனிக் சிடியின் 2011 பதிப்பும், சோனிக் 1, 2இன் 2013 மொபைல் பதிப்புகளும்: அகலத் திரை, நொடிக்குச் சீரான 60 ஃபிரேம் (படங்கள்). தொடுதிரையில் மட்டும் ஆடாதீர்கள், கன்ட்ரோலரை இணையுங்கள்.

தேர்ந்தெடுத்த பதிப்பும் தாமதமாக இயங்குவதுபோல் தோன்றினால், முதலில் டிவியில் 'கேம் மோட்' போடுங்கள். எமுலேட்டர் மென்பொருளான ரெட்ரோஆர்க்கில், இந்தத் தாமதத்தைக் குறைக்க 'ரன்-அஹெட்' என்ற அமைப்பு இருக்கிறது. கேமை நிறுத்தி (பி விசை), குதிக்கும் பட்டனைப் பிடித்தபடி கே விசையால் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். மூன்றாவது அழுத்தலில் அசைந்தால், முந்தைய இரண்டும் வீண் ஃபிரேம்கள். ரன்-அஹெட்டில் 2 என வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் குதிப்பின் தொடக்க அசைவுகள் காணாமல் போய், உருவம் துள்ளித் தெறிக்கும். அப்போது ஒன்று குறையுங்கள்.