சர்ஜரி சீட் போன பிறகு செய்யும் தப்புகள்

எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கான மேற்படிப்புக் கவுன்சிலிங் முடிவு வரும் நாட்களில் மதுரை கோரிப்பாளையத்தில், பெரியாஸ்பத்திரியைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் ஒரே பேச்சுதான் ஓடும்: "ஜி.எஸ். எந்த ரேங்க்ல முடிஞ்சுச்சு?" நானும் ஒரு வருடம் அங்கே ஆறிப்போன டீயோடு நின்றவன். அந்த ஜி.எஸ்., அதாவது எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி, கைக்கெட்டும் தூரத்தில் நழுவியது. சரி, போனது போகட்டும். ஆனால் அடுத்த ஒரு மாதத்தில் அவசர அவசரமாக நான் எடுத்த முடிவுகள்தான் ஒரு வருடத்தைத் தின்றன.

முதல் தப்பு, எதில் தோற்றோம் என்று பார்க்காமலே மறுபடி படிக்க உட்கார்வது. ரேங்க் பத்தவில்லையா, அல்லது ரேங்க் இருந்தும் சாய்ஸ் ஃபில்லிங்கில், அதாவது வேண்டிய கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுப்பதில், கோட்டை விட்டோமா? இரண்டும் வேறு வேறு நோய். "இதெல்லாம் நமக்கு வராது" என்று ஆசைப்பட்ட கல்லூரியை மேலே போடாமல் விடுகிறவர்கள் நிறையப் பேர். மேலே போட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. ரேங்க் வரிசையில் உங்கள் முறை வரும்போது, உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கணினி கொடுக்கும். கிடைக்காத பத்துக் கல்லூரியை மேலே போட்டதற்காகப் பதினோராவது கை நழுவாது. நான் செய்தது இதற்கு நேரெதிர். மதுரையை விட்டுப் போக மனமில்லாமல் திருநெல்வேலியைப் போடவே இல்லை. என் ரேங்க்குக்குப் பின்னால் இருந்தவர் அங்கே ஜி.எஸ். சேர்ந்தார். தேசியத் தேர்வு வாரியம் தரும் பட்டமான டி.என்.பி. என்றால் இரண்டாந்தரம் என்று நினைத்து அதையும் ஒதுக்கினேன். அதுவும் மூன்று வருடப் படிப்பு, எம்.எஸ்.ஸுக்குச் சமமானது, மத்திய அரசின் மருத்துவக் கவுன்சிலிங் குழுவான எம்.சி.சி. நடத்தும் அதே கவுன்சிலிங்கில்தான் வருகிறது.

ரேங்க்தான் பிரச்சினை என்றால், சர்ஜரி பிடித்தவர்கள் விழும் குழி ஒன்று உண்டு: சர்ஜரியையே திரும்பத் திரும்பப் படிப்பது. மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.யில் 200 கேள்வி, 800 மதிப்பெண், தப்பான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும். அதற்குள் 19 பாடங்கள். எனக்கு சர்ஜரியில் ஒன்றும் குறையவில்லை. என்னைக் கவிழ்த்தது கம்யூனிட்டி மெடிசின். இன்னொன்று, 2024-லிருந்து தாளை ஐந்து பகுதியாகப் பிரித்துவிட்டார்கள். ஒவ்வொன்றிலும் 40 கேள்விக்கு 42 நிமிடம், அந்த நேரம் முடிந்துவிட்டால் அந்தப் பகுதிக்குத் திரும்ப முடியாது. "கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று குறியிட்டு வைக்கும் பழைய பழக்கத்தோடு பயிற்சித் தேர்வு எழுதினால் பயனில்லை.

அடுத்தது, வெறுப்பில் ஏதோ ஒரு பிராஞ்சில் சேர்ந்து "பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம்" என்று நினைப்பது. அகில இந்திய ஒதுக்கீட்டில் முதல் ரவுண்டில் கழன்றுகொள்ளலாம். போகப் போகப் பிடி இறுகும்: முன்பணம் போகும், கடைசிச் சுற்றில் இடம் கிடைத்தும் சேராவிட்டால் அடுத்த தேர்வே எழுத முடியாமல் போகலாம். படிப்பைப் பாதியில் விட்டால், சேரும்போது எழுதிக் கொடுத்த ஒப்பந்தப்படி பாண்ட் தொகை வேறு கட்ட வேண்டும். அந்த வருட விதிமுறைப் புத்தகத்தை நீங்களே படியுங்கள். சீனியர் சொன்னது அவர் வருடத்து விதி.

அதற்காக ஜி.எஸ். மட்டும்தான் கத்தி பிடிக்கும் படிப்பு என்று முறுக்கிக்கொள்வதும் தப்புதான். நம் ஊரிலேயே பாருங்கள். டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி படிக்க நினைத்தது மகப்பேறு மருத்துவம். முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கியதால் கண் பக்கம் வந்தார். அந்த விரல்களால் கத்தியைப் பிடிக்கப் பழகி, லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சை செய்தார். ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல், 11 படுக்கையோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. காது மூக்குத் தொண்டை, எலும்பு, கண் எதிலும் ஆபரேஷன் தியேட்டர் உண்டு. இரண்டு நாள் போய் நின்று பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இடைப்பட்ட காலத்து வேலைக்கு வருவோம். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டராகச் சேர்ந்தேன். "தியேட்டர்ல அசிஸ்ட் பண்ணலாம் தம்பி" என்றார்கள். ஆறு மாதத்தில் நான் கையுறை போட்டு நின்றது நாலே தடவை. மற்ற ராத்திரியெல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரி. விடிந்து அறைக்கு வந்தால் புத்தகம் மடியில், தலை சுவரில். சேரும் முன்பே கேட்டிருக்க வேண்டும்: மாதத்தில் எத்தனை இரவு? தியேட்டருக்குப் போகும்போது வார்டை யார் பார்ப்பார்கள்? பரீட்சைக்கு முந்தைய மாதம் லீவு உண்டா? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

அரசு வேலையைச் சிலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். மாநில மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமான எம்.ஆர்.பி. ஆணையில் 'அசிஸ்டென்ட் சர்ஜன்' என்று கம்பீரமாக இருக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கத்தி எடுப்பது பெரும்பாலும் சீழ்க்கட்டி உடைக்கத்தான். ஆனால் பணியில் இருப்பவர்களுக்கு பி.ஜி.யில் தனி ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் மாநிலத்தில் அந்த வழி இருக்கிறது. எந்தப் பிராஞ்சுக்கு, எத்தனை வருடப் பணிக்குப் பின் என்பதை மட்டும் அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

"மேனேஜ்மென்ட் கோட்டாவுல முடிச்சுத் தர்றேன்" என்று வரும் புரோக்கரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்த இடமும் நீட் ரேங்க்கோடு கவுன்சிலிங் வழியாகத்தான்.

கடைசியாக, எத்தனை முறை எழுதுவது என்று முடிவு செய்யாமல் எழுதிக்கொண்டே இருப்பது. கல்யாண வீட்டில் "இன்னும் படிச்சுக்கிட்டேதான் இருக்கியா மாப்ள?" என்று கேட்பவருக்குப் பதிலாக எடுக்கும் முடிவு எதுவும் உருப்படாது. அப்பாவும் நானும் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தோம்: இன்னும் ஒரே ஒரு தடவை. அந்தத் தடவை பட்டியலில் எந்த ஊரையும் விடவில்லை. கிடைத்தது, முப்பத்து நாலாவதாகப் போட்டிருந்த ஒரு டி.என்.பி. ஜெனரல் சர்ஜரி இடம்.