பழக்கமில்லாத மதத்தை எப்படி பாக்கறது, அந்த மதத்துக்காரங்க கிட்ட எப்படி பேசறது

என் கூட வேலை பாத்த ஒருத்தன் வீட்டுக்கு ஒரு நாள் போயிருந்தேன். ஹால்ல புத்தர் படம், பக்கத்துலயே அம்பேத்கர் படம். நானும் ஏதோ பெரிய மனசோட பேசறதா நெனச்சுக்கிட்டு, "புத்தரும் விஷ்ணு அவதாரம்தானே, எல்லாம் ஒண்ணுதான்"னு சொல்லி வச்சேன். அவன் ஒண்ணும் பேசல, தண்ணி டம்ளரை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டான். அவங்க அப்பாதான் கண்ணாடியை கழட்டி துண்டுல துடைச்சுக்கிட்டே, "தம்பி, 1956 அக்டோபர் 14ல நாக்பூர்ல பௌத்தத்துக்கு மாறினப்ப அம்பேத்கர் கூட மாறினவங்களுக்கு குடுத்த 22 உறுதிமொழில அஞ்சாவது என்னன்னு தெரியுமா?"ன்னு கேட்டார். தெரியாதுன்னேன். புத்தர் விஷ்ணுவோட அவதாரம்ங்கறதை நான் நம்ப மாட்டேன், அது பொய்ப் பிரச்சாரம், அதுதான் அஞ்சாவது. கோவப்படாம, பாடம் சொல்ற மாதிரி சொன்னார். எனக்கு எங்க மூஞ்சிய வச்சுக்கறதுன்னு தெரியல.

அன்னிலேர்ந்து நானா கத்துக்கிட்டது, அடிபட்டு கத்துக்கிட்டதுன்னு கொஞ்சம் இருக்கு, அதைத்தான் எழுதறேன். பௌத்தத்துக்கு நான் நிறைய சொல்வேன் ஏன்னா அதுல தான் நான் நிறைய வாங்கிக் கட்டிக்கிட்டேன், ஆனா சமணம், பார்சி (ஈரான்லேர்ந்து வந்த ஜரதுஷ்டிர மதத்துக்காரங்க), பஹாய் (பத்தொன்பதாம் நூற்றாண்டு ஈரான்ல தோணின மதம்), சீக்கியம் எதுக்கும் இது பொருந்தும்.

முதல் வேலை என்னன்னா, புஸ்தகம் எதையும் தொடறதுக்கு முன்னாடி ஒரு பேப்பரை எடுத்து அந்த மதத்து பேரை எழுதி, பேரை கேட்டதும் மனசுல என்ன வருதோ அதை அப்படியே எழுதுங்க. யாருக்கும் காட்ட வேணாம். நான் பௌத்தம்னு போட்டு எழுதினது: அமைதி, தியானம், மொட்டை, காவி, சைவ சாப்பாடு, தொப்பை வச்ச சிரிக்கிற பொம்மை, கடவுள் இல்ல, சயின்ஸுக்கு ஒத்து வரும். இதுல முக்கால்வாசி தப்பு இல்லன்னா அரைகுறை. அந்த தொப்பை பொம்மை கௌதம புத்தரே கிடையாது, பத்தாம் நூற்றாண்டு சீனாவுல இருந்த புதாய்ங்கற ஒரு துறவி, அவரை மைத்ரேயர்னு, அதாவது இனிமே வரப்போற புத்தர்னு கொண்டாடறாங்க. சைவ சாப்பாடும் அப்படித்தான், துறவிங்க யாரும் மீன் மாமிசம் தொடக்கூடாதுன்னு சட்டம் போடணும்னு புத்தரோட சொந்தக்காரனும் சீடனுமான தேவதத்தன் கேட்டப்ப புத்தர் மாட்டேன்னுட்டார்னு பாலி விநயத்துலயே (துறவிங்களுக்கான பாலி மொழி விதி நூல்) இருக்கு. சீனாவுல துறவிங்க சுத்த சைவம், திபெத்துல மாமிசம் உண்டு, தேரவாதம்ங்கற பௌத்தப் பிரிவு இருக்கிற இலங்கை, பர்மா, தாய்லாந்து மாதிரி நாடுகள்ல பிச்சைப் பாத்திரத்துல விழறதை சாப்பிடுவாங்க.

இப்ப இந்த லிஸ்ட்டை பாருங்க, இதுல திட்டு ஒண்ணு கூட இல்ல, எல்லாம் பாராட்டு. இங்கதான் நிறைய பேர் ஏமாந்து போறோம். கேவலமா நெனச்சா தப்புன்னு நமக்கே தெரியும், ஆனா தூக்கி வச்சு கொண்டாடினா நாம நல்லவங்கன்னு நெனச்சுக்கறோம், ரெண்டுலயுமே எதிர்ல நிக்கற ஆள் நம்ம கண்ணுக்கு தெரியறதில்ல. பௌத்த குடும்பத்துல பொறந்து வளந்த ஒரு பொண்ணு எங்க டீம்ல இருந்தா, அவ வந்த ரெண்டாவது நாளே நாங்க நாலு பேர் போய் நீ தினம் எவ்ளோ நேரம் தியானம் பண்ணுவ, எங்களுக்கும் சொல்லிக்குடுன்னு நின்னோம். அவ சிரிச்சுக்கிட்டே, "எங்க பாட்டி கூட பண்ணதில்லங்க. பூ வப்போம், விளக்கு ஏத்துவோம், பௌர்ணமிக்கு விகாரைக்கு, அதான் பௌத்தக் கோயிலுக்கு, போவோம், பரீட்சைன்னா கொஞ்சம் கூட கும்பிட்டுப்போம்"னா. சாதாரண ஜனங்க கூட்டமா உக்காந்து தியானம் பண்றதுங்கறது பத்தொன்பதாம் நூற்றாண்டு கடைசியில பர்மாவுல லெடி சயாடோ (1846–1923) மாதிரி துறவிங்க ஆரம்பிச்சு வச்சு அப்பறம் உலகம் முழுக்க பரவினது, அதுக்கு முன்னாடி அது பெரும்பாலும் துறவிங்க வேலை, அதுலயும் எல்லா துறவிங்களும் பண்ணாங்கன்னு சொல்ல முடியாது. அதனால அந்த பொண்ணு "ஒரிஜினல் பௌத்தம்" தெரியாதவ இல்ல, நாங்க தான் ஒரு மூலையை பாத்துட்டு வீட்டையே பாத்த மாதிரி பேசிட்டோம்.

அடுத்தது இதுக்கு நேர் எதிர் குழி. கொண்டாடிக்கிட்டே இருக்கிற ஆள் ஒரு நாள் மியான்மர் செய்தியை படிப்பான், 2017ல ஏழு லட்சத்துக்கும் மேல ரோஹிங்யா முஸ்லிம் ஜனங்க வங்கதேசத்துக்கு ஓடினதையும், அதுக்கு முன்னாடியே அங்க சில பிக்குங்க (பௌத்த துறவிங்க) மேடை போட்டு வெறுப்பு பேசினதையும் படிப்பான், உடனே "ச்சே எல்லாம் வேஷம்"னு மொத்தமா கவுத்துடுவான். ஈழத் தமிழர் ஒருத்தருக்கு பௌத்தம்னா முதல்ல கண்ணு முன்னாடி வர்றது அரசியலமைப்புல பௌத்தத்துக்கு முதலிடம்னு எழுதி வச்சிருக்கிற ஒரு அரசாங்கம், நாக்பூர்ல தீட்சை வாங்கின குடும்பத்துக்கு அதே பௌத்தம் தான் தலை நிமிந்து நடக்க வச்ச விஷயம். ரெண்டு பேர் சொல்றதும் நிஜம். இந்த எடத்துல நான் பண்றது என்னன்னா மூணு கேள்வியை தனித்தனியா வச்சுக்கறது: நூல்ல என்ன இருக்கு, ஜனங்க வீட்டுல என்ன பண்றாங்க, அந்த பேரை வச்சு அதிகாரத்துல இருக்கறவங்க என்ன பண்றாங்க. ஒண்ணுக்கான பதிலை இன்னொண்ணுல கொண்டு போய் ஒட்டாதீங்க. நம்ம சொந்த மதத்துக்கு இந்த சலுகையை நாம கேக்காமலே எடுத்துக்கறோம், இல்லையா.

படிக்கறதை பத்தி சொல்லணும்னா, வாட்ஸப்ல வர்ற புத்தர் பொன்மொழியை எல்லாம் தள்ளி வைங்க. எந்த சுத்தம் (புத்தரோட உபதேசம், சூத்திரம்), எந்த நிகாயம் (அந்த உபதேசங்களோட தொகுப்பு)னு போடாம வெறும் தாமரைப்பூ படத்து மேல எழுதியிருந்தா நான் நம்பறதே இல்ல. உண்மையிலயே இருக்கறதை கூட பாதியா வெட்டி போட்டுடறாங்க, காலாம சுத்தம்னு அங்குத்தர நிகாயத்துல ஒண்ணு இருக்கு, பரம்பரையா சொன்னாங்கன்னு நம்பாதே, நூல்ல இருக்குன்னு நம்பாதேன்னு வரும், அதை மட்டும் எடுத்துப் போட்டு "பாத்தியா புத்தர் பகுத்தறிவுவாதி, உன் புத்திக்கு பட்டதை மட்டும் நம்பு"ன்னு முடிச்சிடுவாங்க. அதே வரிசையில வெறும் தர்க்கத்தை வச்சும் முடிவு பண்ணாதே, குரு சொல்லிட்டார்னும் ஏத்துக்காதேன்னு இருக்கறதை யாரும் போடறதில்ல, ஒரு காரியத்தால நல்லது விளையுதா கெட்டது விளையுதான்னு நீயே பாரு, அறிவுள்ளவங்க அதை மெச்சறாங்களான்னும் பாருன்னு மேல போகும். முழுசா படிச்சா அஞ்சாறு பக்கம் தான். ஒரு மதத்தை பத்தி அந்த மதத்துக்காரங்க எழுதினது ஒண்ணு, வெளியாள் ஆராய்ச்சி பண்ணி எழுதினது ஒண்ணு, அதை விட்டு வெளிய வந்தவங்க எழுதினது ஒண்ணுன்னு மூணையும் படிச்சா ஓரளவு பிடிபடும்.

நம்ம கிட்டயே ஒரு நல்ல மாடல் இருக்கு. மணிமேகலை வஞ்சி நகரத்துக்கு போய் வயசான ஆம்பள துறவி வேஷத்துல ஒவ்வொரு சமயத்துக்காரங்க கிட்டயா போய் நிப்பா, சைவவாதி, ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர், பூதவாதின்னு ஒருத்தர் விடாம உங்க கொள்கை என்னன்னு சொல்லுங்கன்னு கேட்டுட்டு வருவா. சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதைன்னு அதுக்கு பேரே அப்படித்தான். அது பௌத்தக் காப்பியம், யார் ஜெயிப்பாங்கன்னு முன்னாடியே முடிவாயிடுச்சு, அது வேற கதை. (நாம தினமும் சொல்ற பள்ளிங்கற வார்த்தையே சமண, பௌத்த துறவிங்க தங்கற இடத்துக்கு இருந்த பேர் தான், அதனால இதெல்லாம் ரொம்ப அந்நியம்னு நெனச்சுக்க வேணாம்.)

ஆள் கிட்ட கேக்கறது எப்படின்னா, "உங்க மதத்துல ஏன் இப்படி"ன்னு ஆரம்பிக்காதீங்க, "உங்க வீட்டுல எப்படி"ன்னு கேளுங்க. முதல் கேள்விக்கு அவங்க ஒரு மதத்துக்கே வக்கீலா நிக்கணும், ரெண்டாவதுக்கு அம்மா, சித்தப்பா, சின்ன வயசு ஞாபகம்னு வந்துடும். அவங்க வச்சுக்கற பேரையே நீங்களும் சொல்லுங்க, பார்சிக்காரங்களை நெருப்பை கும்பிடறவங்கன்னு சொன்னா அவங்களுக்கு பிடிக்காது, அவங்க கும்பிடறது அஹுரா மஸ்தாவை, நெருப்பு தூய்மைக்கு அடையாளம். இந்தியாவுல அவங்க அக்னி கோயிலுக்குள்ள வெளியாள் போக முடியாது, அதுல கோச்சுக்க ஒண்ணும் இல்ல, கூட்டிட்டு போன்னு நச்சரிக்காதீங்க. லெபனான், சிரியா பக்கம் இருக்கிற துரூஸ்ங்கற சின்ன மதத்து மக்கள் 1043லேர்ந்தே புதுசா யாரையும் சேத்துக்கறதில்ல. எல்லா மதமும் நம்மள உள்ள இழுக்க காத்துக்கிட்டு இருக்குன்னு நெனக்கறதும் ஒரு கற்பனை தான். சமண நண்பரை சாப்பிட கூப்பிட்டா பொழுது சாயறதுக்கு முன்னாடி சாப்பாடா, கிழங்கு வகை ஆகாதான்னு முன்னாடியே கேட்டுடுங்க, தட்டு முன்னாடி உக்காந்தப்பறம் கேட்டா ரெண்டு பேருக்கும் சங்கடம்.

வதந்தி விஷயத்துல மட்டும் நான் கறாரா இருப்பேன். ஈராக் பக்கம் இருக்கிற யசீதிங்கற சின்ன மதத்துக்காரங்களை சாத்தானை கும்பிடறவங்கன்னு பல நூறு வருஷமா சுத்தி இருந்தவங்க சொல்லிக்கிட்டே இருந்தாங்க, அவங்க வணங்கறது மயில் தேவதையான மெலெக் தாவூஸை, கடைசியில 2014 ஆகஸ்ட்ல ஈராக்ல சிஞ்சார்ங்கற எடத்துல ஐஎஸ் தீவிரவாத ஆளுங்க அவங்களை கொன்னு குவிச்சப்ப இதே பழைய பேச்சு தான் அவங்களுக்கு சாக்கு. அமெரிக்காவுல 2001 செப்டம்பர் தாக்குதல் நடந்து நாலே நாள்ல அரிசோனாவுல ஒரு சீக்கியரை, தலைப்பாகையை பாத்து வேற யாரோன்னு நெனச்சு சுட்டுட்டான் ஒருத்தன். அதனால குடும்ப குரூப்ல ஏதோ ஒரு சின்ன மதத்தை பத்தி அவங்க ராத்திரில அது பண்ணுவாங்க இது பண்ணுவாங்கன்னு வந்தா, "இதை யார் பாத்தா?"ன்னு ஒரே ஒரு வரி போடுங்க. பெரியப்பா கோச்சுக்குவார், கோச்சுக்கட்டும்.

அதே சமயம் மரியாதைங்கற பேர்ல கண்ணை மூடிக்கவும் வேணாம். ஓம் ஷின்ரிக்யோன்னு ஜப்பான்ல ஒரு கூட்டம், யோகா, பௌத்தம்னு சொல்லித்தான் ஆள் சேத்தாங்க, நல்லா படிச்ச பசங்க போய் சேந்தாங்க, 1995 மார்ச் 20ல டோக்கியோ சுரங்க ரயில்ல சாரின் விஷவாயுவை விட்டாங்க. ஒரு குழுவுக்குள்ள போறதுக்கு முன்னாடி நான் பாக்கறது கொள்கையை இல்ல, வெளிய வர்ற வழியை. விட்டுட்டு போனவங்களை பத்தி எப்படி பேசறாங்க, தலைவரை கேள்வி கேக்கலாமா, வீட்டு ஆளுங்களோட பேசாதேன்னு சொல்றாங்களா, மேல போக போக காசு ஏறுதா. பஹாய் கூட்டம் ஒண்ணுக்கு போயிருந்தப்ப நான் உண்டியல் தேடினேன், பஹாய் இல்லாதவங்க கிட்ட நிதி வாங்கறதில்லன்னு சொல்லிட்டாங்க. பத்து நாள் விபாசனா தியான முகாமுக்கும் போனேன், பேச்சு கிடையாது, விடிகாலை 4 மணிக்கு மணி அடிப்பான், நாளைக்கு பத்து மணி நேரம் உக்காரணும். மூணாவது நாள் என் மனசுல ஓடினது ஞானம் இல்ல, முழங்கால் வலியும் பழைய சினிமா பாட்டும். முன்னாடி ஒரு படிவம் குடுப்பாங்க, அதுல மனநலம் சம்பந்தமா கேட்டிருப்பாங்க, அதை மறைக்காம எழுதுங்க, அவ்ளோ நேரம் தனியா மனசோட உக்காந்தா சில பேருக்கு அது நிஜமாவே ஆகாது.

மாறிடலாம்னு தோணினா ஒரு வருஷம் பொறுங்க, அந்த மதத்துல போரடிக்கிற நாளையும் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. வீட்டுல சொல்றப்ப "உங்களுது தப்பு, அதனால போறேன்"னு சொல்லாம "எனக்கு இது ஒத்து வருது"ன்னு மட்டும் சொன்னா சண்டை பாதி கொறையும். மாற வேணாம், பிடிச்சதை மட்டும் எடுத்துக்கறேன்னாலும் சரிதான், ஆனா எடுத்துக்கிட்டதை எங்கேர்ந்து எடுத்தோம்னு சொல்லுங்க.

வழிபாட்டு இடத்துக்கு போறப்ப ரொம்ப சின்ன விஷயங்கள் தான். தூபியை (புத்தரோட நினைவா கட்டின பௌத்த மேடு) வலமா சுத்துங்க. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி செல்ஃபி வேணாம், காலை அந்த பக்கம் நீட்டி உக்காராதீங்க, தேரவாத பிக்குங்க மேல பொம்பளைங்க கை படக்கூடாது, ஏதாவது குடுக்கணும்னா அவர் விரிக்கிற துணி மேல வைங்க. குருத்வாராவுல தலையை மூடணும், துணி அவங்களே வச்சிருப்பாங்க. குவேக்கர்னு ஒரு கிறிஸ்தவப் பிரிவோட கூட்டத்துல ஒரு மணி நேரம் யாரும் பேசாம இருந்தாலும் இருப்பாங்க, ஏதோ ஆகிப்போச்சுன்னு நீங்க எந்திரிச்சுடாதீங்க. அப்பறம் விகாரை, குருத்வாரா மாதிரி நிறைய எடத்துல செருப்பு ஷூவை கழட்டணும், அதனால கிளம்பறதுக்கு முன்னாடி சாக்ஸ்ல ஓட்டை இருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்க, நான் பாக்காம போய் முழு பூஜையும் கட்டைவிரலை மடக்கிக்கிட்டே நின்னேன்.