ஸ்கேன் ரிப்போர்ட்டை வாலிலிருந்து படியுங்கள்

பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப், கையில் டைப்ரைட்டிங் ஹையர் சர்டிபிகேட். இவ்வளவுதான் தகுதி. அதை வைத்துக்கொண்டு ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் அடிக்கச் சேர்ந்து 19 வருடம் ஆகிறது. முதல் வாரமே, டாக்டர் ‘ஹைப்பர்எக்கோயிக்’ என்று சொன்னதை ‘ஹைப்போஎக்கோயிக்’ என்று அடித்துவிட்டேன். ஹைப்பர் என்றால் கிரேக்கத்தில் மேலே, கூடுதல். ஹைப்போ என்றால் கீழே, குறைவு. எக்கோ என்றால் எதிரொலி; அது கூடினால் ஸ்கேன் திரையில் வெளுப்பு, குறைந்தால் இருட்டு. திரையில் வெளுப்பாகத் தெரிந்த கட்டியை நான் காகிதத்தில் இருட்டாக்கியிருந்தேன். கையெழுத்துப் போடும் முன்பு டாக்டர் பார்த்துவிட்டதால் தப்பித்தேன். அன்று சாயங்காலமே ஒரு நோட்டு வாங்கினேன். நர்சிங்கோ லேப் டெக்னீஷியன் கோர்ஸோ சேர்ந்துவிட்டு முழிக்கிற தமிழ் மீடியம் பிள்ளைகளுக்காக, அந்த நோட்டில் உள்ளதைச் சொல்கிறேன்.

சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் முதலில் வாலைப் பிடியுங்கள். ‘பசும்பால்’ என்றால் பால்தான் விஷயம். எந்தப் பால் என்பதை மட்டும்தான் பசு சொல்கிறது. இங்கேயும் அப்படித்தான். ஐட்டிஸ் என்று முடிந்தால் அழற்சி. எக்டமி என்றால் வெட்டி எடுத்தது. மெகலி என்றால் பெருத்தது. லித்தியாசிஸ் என்றால் கல் உண்டானது. அப்புறம் முன்னால் போய் உறுப்பைப் பாருங்கள்: ஹெப்பட் கல்லீரல், நெஃப்ர் சிறுநீரகம், கோலி பித்தம், சிஸ்ட் பை.

இப்போது அதே வரிசையில் தமிழை வையுங்கள். கோலி, சிஸ்ட், எக்டமி: பித்தம், பை, நீக்கம். பித்தப்பை நீக்கம்! ஹெப்பட்டோமெகலி, கல்லீரல் பெருக்கம். நெஃப்ரோலித்தியாசிஸ், சிறுநீரகக் கல். ஆங்கில வழியாகப் போனால் ‘ரிமூவல் ஆஃப் கால்பிளாடர்’ என்று தலைகீழாகப் போய்த் திரும்பி வரவேண்டும். கிரேக்கக் கூட்டுச்சொல் நம் ‘பசும்பால்’ போலவே நடக்கும்போது நடுவில் ஆங்கிலம் எதற்கு? இது புரிய எனக்கே இரண்டு வருடம் ஆனது.

நடுவில் வரும் அந்த ‘ஓ’வைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மரம், ஐ சேரும்போது ‘அத்து’ என்று ஒரு சாரியை வந்து ‘மரத்தை’ ஆகிறதே, அதே வேலைதான். தனக்கென்று பொருள் கிடையாது. அடுத்த துண்டு உயிரெழுத்தில் தொடங்கினால் பெரும்பாலும் விழுந்துவிடும். அதனால்தான் நெஃப்ரோலித்தியாசிஸில் இருக்கும் ஓ நெஃப்ரைட்டிஸில் இல்லை. ஸ்பெல்லிங்கில் பாதிப் பிழை இதைத் தெரிந்துகொண்டாலே போய்விடும்.

‘இல்லை’ என்பதற்கு அ, அன். அன்எக்கோயிக் என்றால் எதிரொலியே வராத இடம். நீர்க்கட்டி அப்படித்தான் கறுப்பாகத் தெரியும். அனீமியாவிலும் அதே அன்தான். வடமொழியிலிருந்து நமக்கு வந்த அசுத்தம், அநாவசியம் இரண்டின் முன்னால் நிற்பதும் இதற்கு உறவுதான்.

ஒரே உறுப்புக்கு இரண்டு பெயர் வருவதுதான் அடுத்த குழப்பம். ஒரே ரிப்போர்ட்டில் மேலே ‘ரீனல் கால்குலஸ்’, கீழே ‘நெஃப்ரோலித்தியாசிஸ்’ என்று இருக்கும். நோயாளிக்கு இரண்டு வியாதி என்றே நான் நினைத்திருந்தேன். ரீனல் லத்தீன், நெஃப்ர் கிரேக்கம், இரண்டும் சிறுநீரகமே. கால்குலஸ் என்றால் லத்தீனில் கூழாங்கல். ரோமானியர்கள் கூழாங்கற்களை வைத்து எண்ணியதால்தான் கணக்குக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெரும்பாலும் லத்தீன் லத்தீனோடும் கிரேக்கம் கிரேக்கத்தோடும்தான் சேரும். ஆனால் அப்பென்டிசைட்டிஸ் கலப்புத் திருமணம்: அப்பென்டிக்ஸ் லத்தீன், ஐட்டிஸ் கிரேக்கம்.

வேரை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. ஹிஸ்டரெக்டமி என்றால் கர்ப்பப்பை நீக்கம், சரி. அதே ஹிஸ்டரா என்ற வேரிலிருந்துதான் ஹிஸ்டீரியாவும் வந்தது. பெண்களின் மனக்கோளாறுக்குக் கர்ப்பப்பைதான் காரணம் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். வேர் சொல்வது அவர்களின் நம்பிக்கையை, உண்மையை அல்ல.

இன்னொன்று, ஒரே மாதிரி ஒலிக்கும் இரட்டையர்கள். பீடியாட்ரிக்ஸில் இருப்பது குழந்தை, கிரேக்கம். பாத வீக்கத்தைச் சொல்லும் பீடல் எடிமாவில் இருப்பது பாதம், லத்தீன். ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘சிஸ்ட்’ என்று தனியாக வந்தால் நீர்க்கட்டி. அதை வைத்து, சிஸ்டைட்டிஸ் என்றால் நீர்க்கட்டியில் அழற்சி என்று நினைத்துவிடாதீர்கள்; அங்கே பை என்பது சிறுநீர்ப்பை.

மருந்துச் சீட்டில் வரும் சுருக்கங்களும் பெரும்பாலும் லத்தீன்தான். பி.டி. இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும். ஓ.டி. தினம் ஒரு வேளை. ஆனால் கண் சீட்டில் அதே ஓ.டி. ‘ஆக்குலஸ் டெக்ஸ்டர்’, வலது கண். இது தெரியாமல், அப்பாவின் கண்ணாடிச் சீட்டைப் பார்த்துவிட்டு, “தினம் ஒரு வேளைதான் போடணுமாம்ப்பா” என்று சொல்லிவிட்டேன். மெடிக்கல் சமாச்சாரம் தெரிந்த பெண் ஆயிற்றே! இரண்டு நாள் காலையில் பேப்பர் படிக்க மட்டும் போட்டுவிட்டு, கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.