முதல் கேமிலேயே அகலக்கால்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

திருகோணமலையில் வீடியோ கேம் செய்யும் ஆசை பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஏஎல் சோதனை முடிந்து ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் மாதங்களில்தான் முளைக்கிறது. கையில் நேரம் கொட்டிக் கிடப்பதுபோல் தோன்றும் காலம் அது. உப்புவெளிப் பக்கம் இருந்து ஒரு தம்பி 80 பக்கக் கொப்பியோடு வந்தார். அதில் இருந்த கேம் இது: திருகோணமலை முழுவதும் ஓபன் வேர்ல்ட், அதாவது ஊர் முழுக்க விரும்பியபடி திரியலாம். 1942 ஏப்ரல் 9, ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்ட காலையில் கதை தொடங்கும். கோணேசர் கோயில் பாறைப் பிளவான இராவணன் வெட்டுக்குள் இறங்கினால் ரகசியக் குகை. உள்துறைமுகத்தில் வள்ளம் ஓட்டலாம். பத்து நண்பர்கள் சேர்ந்து ஆன்லைனில் விளையாடலாம். எல்லாம் ஆறு மாதத்தில்.

"தம்பி, இதுவரைக்கும் என்ன செய்திருக்கிறீர்?" என்று கேட்டேன்.

"லோகோ முடிஞ்சுது அண்ணா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் முதல் கேமும் இந்தச் சாதிதான். இரண்டு வருடம் இழுத்து, கடைசியில் மிஞ்சியது ஒரு மெனு. அதில் 'தொடங்கு' பட்டனை அமுக்கினால் ஒன்றும் நடக்காது.

அளவு எங்கே பிழைக்கிறது என்றால், நாம் விளையாடிப் பழகிய கண்ணால் வேலையை அளக்கிறோம். நாக்கை வைத்துக்கொண்டு சமையலை அளப்பது மாதிரி. 2013இல் வந்த ஜிடிஏ 5 என்ற ஓபன் வேர்ல்ட் கேமின் பின்னால் பல ஸ்டூடியோக்களில் ஆயிரம் பேரளவில் வேலை செய்தார்கள். விளையாடுபவருக்கு அந்த ஆயிரம் பேரும் தெரிவதில்லை. தெரு தெரியும், கார் தெரியும். நல்ல கேம் தன் உழைப்பை மறைத்துவிடும். அதனால்தான் அதைப் பார்த்துக் கணக்குப் போட்டால் கணக்குத் தப்புகிறது.

தம்பியின் கொப்பியில் 'வள்ளம் ஓட்டலாம்' என்று இரண்டே சொல் இருந்தது. சரி, அதை மட்டும் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். வள்ளத்துக்கு எவ்வளவு கிட்ட வந்தால் ஏறலாம்? ஏறும்போது உடம்பு எப்படி அசையும்? ஏறிய பிறகு கமரா எங்கே நிற்கும்? அலை வெறும் படமா, வள்ளத்தைத் தூக்கிப் போடுமா? நடுவில் ஆள் குதித்தால்? அப்போது நீந்தத் தெரிய வேண்டும், அதற்குத் தனி அசைவுகள் வேண்டும், மூச்சு முடிந்தால் சாவதா கரையில் எழும்புவதா என்று முடிவெடுக்க வேண்டும். ஆள் இறங்கிய வள்ளம் அங்கேயே நிற்குமா, மிதந்து போகுமா? சேவ் செய்துவிட்டு நாளைக்குத் திறந்தால் அது எங்கே இருக்கும்? மணலில் ஏறிச் சிக்கிக்கொண்டால் விளையாடுபவர் எப்படித் திரும்பி வருவார்? ஒரு பக்கம் நிரம்பிவிட்டது, வள்ளம் இன்னும் ஓரடி நகரவில்லை. இன்னும் சைக்கிள், த்ரீவீல், ரயில், விமானம் எல்லாம் வரிசையில் நின்றன.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நம்முடைய துறைமுகத்தின் ஆழத்தையும் மேலே நின்று பார்த்துச் சொல்ல முடியாதுதானே.

மல்டிபிளேயர், அதாவது பலர் ஆன்லைனில் சேர்ந்து விளையாடும் வசதி, சேர்த்தால் வேலை இரண்டு மடங்காகும் என்று பலர் நினைக்கிறார்கள். அது வேலையின் சாதியே வேறு. நொடிக்கு 60 படம் ஓடும் கேமில் ஒரு படத்துக்குக் கிடைப்பது சுமார் 17 மில்லிசெக்கன். மற்றவருடைய போனிலிருந்து செய்தி வர 100 மில்லிசெக்கன் பிடித்தால், நீங்கள் பார்ப்பது ஆறு படத்துக்கு முந்தைய ஆளை. நீங்கள் சுடும்போது அவர் அங்கே இல்லை. பட்டதா இல்லையா என்று எல்லாப் போன்களையும் இணைக்கும் நடுக் கணினியான சேர்வர் தீர்க்க வேண்டும். அதுவரை உங்கள் திரை ஓர் ஊகத்தைக் காட்ட வேண்டும். ஊகம் தவறினால் கண்ணுக்குத் தெரியாமல் திருத்த வேண்டும். முதலில் தனியாள் கேமாக எழுதிவிட்டுப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்றால், பெரும்பாலும் அடியிலிருந்து திரும்ப எழுத நேரும். முதல் கேமில் இதைத் தொடவே கூடாது. மற்ற எதிலும் நான் விட்டுக்கொடுப்பேன், இதில் மாட்டேன்.

"ஸ்டார்டியூ வேலி கேமை ஒருத்தர் தனியாகத்தானே செய்தார்?" என்று யாராவது கேட்பார்கள். உண்மைதான், எரிக் பரோன் தனியாகச் செய்தார். கணினி படித்து முடித்தவர், பகுதிநேர வேலை ஒன்றும் துணைவியின் சம்பளமும் வீட்டைத் தாங்க, நான்கு வருடத்துக்கும் மேலாக அதிலேயே கிடந்து 2016இல் வெளியிட்டார். கதையைச் சொல்லும்போது 'தனியாக' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு 'நான்கு வருடம்' என்பதை விட்டுவிடுகிறோம். அதோடு, பாதியில் கைவிட்டவர்களின் கதையை யாரும் நமக்குச் சொல்ல வருவதில்லை.

கொப்பி நிரப்புவது இன்னொரு பொறி. வரைபடம், பாத்திரங்களின் பெயர், கம்பனிப் பெயர், பேஸ்புக் பக்கம் என்று எழுத எழுத வேலை நடப்பது போலவே இருக்கும். தான் செய்யப்போகும் வேலைக்கு ஆகும் காலத்தை மனிதர் குறைத்தே மதிப்பிடுவார்கள் என்பதை கானமன், டிவர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979இலேயே எழுதிவிட்டார்கள். கொப்பி அந்த மயக்கத்துக்கு எண்ணெய் வார்க்கும்.

லப்டொப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய மெஷின் என்றால் கோடோ என்ற எஞ்சினில் (கேம் செய்ய உதவும் மென்பொருள்) தொடங்குங்கள்; இலவசம், டவுன்லோடும் சிறியது. மாதம் ஒரு எஞ்சினுக்குத் தாவ வேண்டாம். அப்புறம், ஐந்து நண்பர்களைச் சேர்த்து 'டீம்' என்று பெயர் வைப்பது: கம்பஸ் (பல்கலைக்கழகம்) கிடைத்ததும் ஒருவர் பேராதனை, ஒருவர் மொரட்டுவை. முடிந்தது.

சரி, சிறியது என்றால் எவ்வளவு சிறியது? 1972இல் அட்டாரி என்ற கேம் கம்பனியில் புதிதாகச் சேர்ந்த அலன் அல்கோர்னுக்குக் கைபழகுவதற்கென்று கொடுத்த பயிற்சிதான் பொங் என்ற கேம்: இரண்டு மட்டை, ஒரு பந்து. 2013இல் வியட்நாமின் டொங் நுயென் வெளியிட்ட ஃபிளாப்பி பேர்ட் சில நாள் வேலை என்று அவரே சொன்னார். இரண்டிலும் விளையாடுபவரின் கை செய்வது ஒரேயொரு காரியம்தான்.

தம்பியிடம் கொப்பியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அதிலிருந்து ஒரு மூலையை மட்டும் எடுக்கச் சொன்னேன். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளே மான் திரிவதை நம் ஊரில் பார்க்காதவர் இல்லை. கேம் இதுதான்: அர்ச்சனைத் தட்டோடு அந்தக் கோட்டை வழியாகக் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிறீர்கள். மான்கள் வாழைப்பழத்துக்கு வருகின்றன. விரலால் தட்டை இடம் வலம் நகர்த்தித் தப்ப வேண்டும். ஒரு திரை, முப்பது செக்கன். முதல் வாரம் மானுக்குப் பதில் பழுப்புச் சதுரம், தட்டுக்குப் பதில் மஞ்சள் வட்டம்.

இரண்டு வாரம் என்று சொன்னார், ஏழு வாரம் பிடித்தது. சத்தம் சேர்க்க ஒரு வாரம், தோற்ற பிறகு மறுபடி தொடங்கும் பட்டனுக்கு மூன்று நாள், சில போன்களில் மான் திரைக்கு வெளியே நின்றுகொண்டதைக் கண்டுபிடிக்க இன்னும் கொஞ்சம். கடைசியில் தங்கச்சியின் போனில் போட்டுக் கொடுத்தாராம். அவள் நாலு தரம் தோற்றுவிட்டு, தட்டில் இருந்த ஒரு பழத்தைத் தானே மானுக்குக் கொடுக்க வழியில்லையா என்று கேட்டிருக்கிறாள். அதைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார்.