லேபிளை மறைத்து ஒயினைச் சுவைப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

ஒரு ஒயின் பிடித்திருக்கிறதா என்று நாக்கைக் கேட்பதற்குள், விலையும் லேபிளும் பதிலைச் சொல்லி முடித்துவிடும். அனுபவம் உள்ளவர்களும் இதற்கு விலக்கல்ல. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், பிரான்சின் போர்தோவில் ஒயின் படிப்பு படித்த 54 பேருக்கு, மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய மணங்களையே எழுதினார்கள். நிறமே இவ்வளவு செய்யும் என்றால், பெயரும் விலையும் என்னவெல்லாம் செய்யும்! 1976-இல் பாரிசில் பிரிட்டிஷ் ஒயின் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய சுவைப்பில் பெயர்களை மறைத்ததும், பிரெஞ்சு நடுவர்களே கலிஃபோர்னியா ஒயின்களை முதலிடத்தில் வைத்தார்கள்.

உங்களுக்கு எது பிடிக்கும் என்று உங்களுக்கே தெரிய வேண்டுமா? மறைத்துச் சுவையுங்கள். வீட்டிலேயே செய்யலாம்.

படி 1: தேவையானவை

ஒரே திராட்சையில் செய்த இரண்டு ஒயின்கள் போதும். சிவப்பையும் வெள்ளையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. வெவ்வேறு பகுதிகளில் விளைந்த இரண்டு பினோ நுவார் (சிவப்பு ஒயினுக்கான திராட்சை வகை), அல்லது ஓக் மரப் பீப்பாயில் வைத்த ஷார்டனே (வெள்ளை ஒயினுக்கான திராட்சை வகை) ஒன்று, வைக்காத ஷார்டனே ஒன்று. இப்படி எடுத்தால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று தேட வழி கிடைக்கும்.

கிளாஸ்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பெரிய வயிறு வைத்த கிளாஸ்களை நான் விரும்புவதில்லை. 1977-இல் சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ 3591 என்ற எண்ணில் தரப்படுத்திய சிறிய துலிப் வடிவ கிளாஸ்தான் என் தேர்வு. மேலே குறுகுவதால் மணம் தங்கும், கொஞ்சம் ஊற்றினாலே போதும். குறிப்பெடுக்கக் காகிதமும் பென்சிலும் வையுங்கள். ஒயின் செயலிகளை இந்த நேரத்தில் திறக்கவே வேண்டாம், மற்றவர்கள் போட்ட மதிப்பெண்தான் முதலில் கண்ணில் படும்.

துப்புவதற்கு ஒரு பாத்திரம் கட்டாயம். விழுங்கிக்கொண்டே போனால், நாலாவது கிளாஸில் நீங்கள் எழுதுவதை நம்ப முடியாது.

படி 2: மறைப்பது

பலர் பாட்டிலைக் காகிதப் பையில் சுற்றிவிட்டு மறைத்தாயிற்று என்று நினைக்கிறார்கள். அது போதாது. தோள் உயர்ந்த பாட்டில் போர்தோ வகையைக் காட்டிக்கொடுக்கும், தோள் சரிந்தது பிரான்சின் இன்னொரு பகுதியான பர்கண்டி வகையை, ஒல்லியாக நெடிதாக இருப்பது ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினை. கனமான பாட்டிலைத் தூக்கியதுமே 'இது விலை கூடியது' என்று மனசு முடிவு கட்டிவிடும். அதனால் வேறு ஒருவர் வேறு அறையில் ஊற்றி, கிளாஸை மட்டும் கொண்டுவரட்டும். ஒவ்வொன்றிலும் 30 மில்லி போதும்.

இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். வெள்ளைக்கு 8 முதல் 12 டிகிரி, சிவப்புக்கு 15 முதல் 18 டிகிரி செல்சியஸ். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே ஊற்றினால் மணம் அடங்கியே இருக்கும். சிவப்பு ஒயின் சூடாக இருந்தால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும்.

படி 3: புளிப்பும் துவர்ப்பும்

இதில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். 'சுருக்கென்று இருக்கிறது' என்று எழுதுவார்கள். அது புளிப்பு தரும் அமிலமா, துவர்ப்பு தரும் டானினா என்று கேட்டால் பதில் வராது. இதைப் பிரிக்கத் தெரியாமல் மணங்களின் பெயர்களை மனப்பாடம் செய்து பயனில்லை.

ஒயினைத் தொடுவதற்கு முன் ஒரு பயிற்சி செய்யுங்கள். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரை ஒரு வாய் எடுத்துத் துப்புங்கள். நாக்கின் ஓரங்களில் எச்சில் ஊறும். அதுதான் அமிலம். வாயைக் கொப்பளித்துவிட்டு, பத்து நிமிடம் ஊறவிட்ட, பாலும் சர்க்கரையும் சேர்க்காத தேநீரை ஒரு வாய் எடுங்கள். ஈறும் மேலுதட்டின் உட்புறமும் உலர்ந்து சொரசொரக்கும். அதுதான் டானின். அது எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால்தான் வாயில் வழவழப்பு போய்விடுகிறது.

ஆக, கேள்வி ஒன்றுதான்: துப்பிய பிறகு எச்சில் ஊறுகிறதா, வாய் உலர்கிறதா? இரண்டும் சேர்ந்தும் நடக்கும், பதற வேண்டாம். கேபர்னே சாவின்யோன் என்ற திராட்சையில் செய்த இளம் சிவப்பு ஒயினில் இரண்டும் பலமாக இருக்கும். தொண்டையில் சூடு தெரிந்தால் அது ஆல்கஹால்.

படி 4: மூன்று கிளாஸ் சோதனை

இரண்டு கிளாஸில் ஒரே ஒயின், மூன்றாவதில் மற்றது. எது தனி என்று கண்டுபிடிக்க வேண்டும். உணவு ஆய்வகங்களில் இதை முக்கோணச் சோதனை என்பார்கள். சும்மா ஊகித்தாலே மூன்றில் ஒரு பங்கு சரியாக வரும் என்பதால் ஒரு முறை வென்றதைக் கணக்கில் எடுக்காதீர்கள். 6 சுற்று செய்யுங்கள். 5 சுற்றாவது சரியாக வந்தால் உங்களுக்கு வித்தியாசம் தெரிகிறது. வெறும் ஊகத்தில் அப்படி வர 2 சதவீத வாய்ப்புகூட இல்லை.

முதலில் முகர்ந்து எழுதுங்கள், அப்புறம் சுவையுங்கள். கருமிளகு மணம் வந்தால் சிரா என்ற சிவப்புத் திராட்சையாக இருக்கலாம், அதைத் தருவது ரோட்டண்டோன் என்ற சேர்மம். பச்சைக் குடைமிளகாய் மணத்துக்குப் பைரசீன்கள் என்ற சேர்மங்கள் காரணம், கேபர்னே சாவின்யோனிலும் சாவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளைத் திராட்சையிலும் இவை உண்டு. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபிள் 1980களில் உருவாக்கிய மணச் சக்கரம், அதாவது மணங்களின் பெயர்களை வகைப்படுத்தி வட்டமாக அடுக்கிய படம், நல்ல துணை. ஆனால் உங்கள் சொந்தச் சொல்லை எழுதி முடித்த பிறகே அதைப் பாருங்கள்.

படி 5: திரையை விலக்கி லேபிளைப் படிப்பது

பிடித்தது எது என்று எழுதிய பிறகே பாட்டிலைப் பாருங்கள். ஆல்கஹால் அளவு, அறுவடை ஆண்டு, விளைந்த பகுதி ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற சொற்களை நிதானமாக எடைபோடுங்கள். ஸ்பெயினின் ரியோஹாவில் சிவப்பு ஒயினுக்கு 'ரிசர்வா' என்று போட, குறைந்தது 3 ஆண்டு முதிர்ச்சியும் அதில் 1 ஆண்டாவது ஓக் பீப்பாயிலும் இருக்க வேண்டும். அது சட்டம். அமெரிக்க லேபிளில் வரும் 'ரிசர்வ்' என்ற சொல்லுக்குக் கூட்டரசு விதி எதுவும் இல்லை. பிரான்சில் 'பழைய கொடிகள்' என்று எழுதவும் வயது வரம்பு கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 டிசம்பர் 8-க்குப் பின் தயாரான ஒயின்களுக்குச் சேர்மானப் பட்டியல் கட்டாயம், பெரும்பாலும் கியூஆர் கோடு வழியாகத் தருகிறார்கள். விளம்பர வாசகத்தைவிட எனக்கு அந்தப் பட்டியல்தான் முக்கியம்.

பின்சேர்க்கை

'ஊற்றித்தர ஆள் இல்லை, தனியாகச் செய்ய முடியுமா?' என்று கருத்துப் பகுதியில் கேட்டிருந்தார்கள். முடியும். கிளாஸின் அடியில் பெயர் எழுதிய ஒட்டியை வைத்து, ஒரே மட்டத்துக்கு ஊற்றுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கிளாஸ்களை இடம் மாற்றிவிட்டுச் சுவையுங்கள். நிறத்தில் வித்தியாசம் தெரிந்தால் விளக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர், ஒரு பாட்டிலில் நனைந்த அட்டை வாடை வந்ததாக எழுதியிருந்தார். அது பெரும்பாலும் கார்க் வழியாக வரும் டிசிஏ என்ற சேர்மம். அந்த ஒயினின் இயல்பை அந்த பாட்டிலை வைத்து மதிப்பிட முடியாது. எனவே ஊற்றுபவர் திறந்தவுடன் ஒரு முறை முகர்ந்து பார்த்துவிடட்டும். மிஞ்சிய ஒயினை, சிவப்பானாலும் சரி, இறுக மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு மூன்று நாளைக்குத் தாங்கும், அடுத்த சோதனைக்கு ஆகும்.